தீபாவளி முதல் காவடி வரை: விளக்கு அலங்காரம் பற்றி வாசகர் கேள்வி–பதில்

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நவம்பர் 24 கார்த்திகை தீபம். பிறகு கிறிஸ்மஸ், பனானே என்று நாம் சொல்லும் ஆங்கிலப் புத்தாண்டு, 2027 ஜனவரி 22இல் தைப்பூசக் காவடி, பிப்ரவரி 6இல் சீனப் புத்தாண்டு. மொரீஷியஸில் தீபாவளிக்கு ஏறிய விளக்கு பல வீடுகளில் மூன்று மாதத்துக்கு இறங்குவதில்லை. அந்த மூன்று மாதமும் மழைக்கும் புயலுக்கும் உரியவை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தைத்தான் சுற்றி வருகின்றன. ஏற்றும்போதே நனைவதையும் இறக்குவதையும் யோசித்துக் கட்டினால் பாதிச் சிக்கல் எழாது.

எங்கள் வீடு இரண்டு மாடி, முகப்பு 12 மீட்டர் அகலம். மேல் விளிம்பு, இரு ஓரம், பால்கனிக் கம்பி என்று எல்லாவற்றுக்கும் சீரியல் லைட் போட எத்தனை செட் வேண்டும்? எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் கொடுக்கலாமா?
– வாசகர், த்ரியோலே

முதலில் அளவு. மேல் விளிம்பு 12 மீட்டர், ஓரங்கள் ஆறும் ஆறும் 12, பால்கனி 12. மொத்தம் 36 மீட்டர். 10 மீட்டரில் 100 பல்பு உள்ள செட் நான்கு போதும். ஐந்தாவது ஒன்றையும் அதே நாளில், அதே கடையில் வாங்கி வையுங்கள். டிசம்பரில் ஒன்று போய் புதிதாக வாங்கினால் நிறம் ஒத்துவராது. ஒரு பெட்டியின் மஞ்சள் வெள்ளை வேறு, இன்னொரு பெட்டியின் மஞ்சள் வெள்ளை வேறு.

மின்சாரப் பளுவைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 பல்பு எல்.இ.டி. செட் ஒன்று 5 முதல் 8 வாட் வரை இழுக்கும். நான்கும் சேர்ந்தாலும் 32 வாட். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். பரணில் இருக்கும் பழைய குண்டுமணி பல்பு செட் என்றால் 100 பல்புக்கே 40 வாட் ஆகும், கையைச் சுடவும் செய்யும். அதைத் திரும்ப எடுக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு செட்டின் வாலில் அடுத்த செட்டை மாட்டிக்கொண்டே போகும்போது, முதல் செட்டின் மெல்லிய வயர்தான் மற்ற எல்லாவற்றின் மின்சாரத்தையும் சுமக்கிறது. எத்தனை செட் வரை தொடரலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். மூன்று என்றால் மூன்றுதான். உங்கள் வீட்டுக்கு இரண்டு இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். மூன்று சதுரக் காலுள்ள பிளக்காக இருந்தால் உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். அது 690 வாட் வரை தாங்கும், விளக்குக்கு அது தாராளம். வயர் எங்காவது நசுங்கி ஒட்டிக்கொண்டால் 3 ஆம்பியர் ஃபியூஸ் சீக்கிரம் அறுந்து வயரைக் காப்பாற்றும்.

இரண்டு உருண்டைக் காலுள்ள பிளக்கை, பேனா முனையால் மேல் ஓட்டையைக் குத்தித் திறந்து சதுரக் கால் சாக்கெட்டில் நுழைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிடிப்பு தளர்வாக இருக்கும், தளர்ந்த இடம் சூடேறும், ஓட்டையை மூடும் தகடும் உடையும். பிறகு குழந்தை விரல் வைத்தாலும் தடுக்க ஒன்றும் இருக்காது. முறையான அடாப்டர் வாங்குங்கள்.

ஏணியில் ஏறும் முன் எல்லா செட்டையும் தரையில் பரப்பி அரைமணி நேரம் எரியவிடுங்கள். பிளக் இருக்கும் இடத்திலிருந்து கட்டத் தொடங்குங்கள். எதிர்முனையிலிருந்து வந்தால் கடைசியில் பிளக்குக்கு இரண்டு மீட்டர் எட்டாமல் நிற்கும்.

தீபாவளி இரவு உங்கள் ஊரில் வண்டிகள் விளக்கு பார்த்தபடி ஊர்ந்துதான் போகும். ஃபிளட் லைட் வைத்தால் அது சுவரைப் பார்க்கட்டும், சாலையைப் பார்க்க வேண்டாம். சாலையோர வீட்டில் வேகமாக வெட்டி வெட்டி மின்னும் நிலையையும் தவிருங்கள். மெதுவாக ஏறி இறங்கும் நிலை பார்ப்பவருக்கும் அழகு, ஓட்டுபவர் கண்ணையும் கூசாது.

தீபாவளிக்கு நன்றாக எரிந்த விளக்கு, டிசம்பர் மழை தொடங்கியதும் வீட்டு பிரேக்கரையே இறக்கிவிடுகிறது. காய்ந்த பிறகு மறுபடி எரிகிறது. விளக்கில் கோளாறா, வயரிங்கில் கோளாறா?
– வாசகி, மாஹேபூர்

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை, கட்டிய விதத்தில் இருக்கிறது. அக்டோபர் நம் தீவில் மிகவும் வறண்ட மாதம். தீபாவளி வரை விளக்கு நனையவே இல்லை. குறை அன்றைக்கே இருந்தது, டிசம்பர் அதை வெளியே கொண்டுவந்தது.

பிரேக்கர் இறங்குவதன் காரணம் இது. உங்கள் மின்பலகையிலுள்ள டிஃபரன்ஷியல் என்ற கசிவு பிரேக்கர், போகிற மின்சாரத்தையும் திரும்புகிற மின்சாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அந்த அளவு எங்கோ ஈரத்தின் வழியாகவோ உடம்பின் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே அறுக்கிறது. நனைந்த ஒரு இணைப்பு கசிய விடுவது கொஞ்சம்தான். நான்கு இணைப்பு நனைந்தால் கசிவு கூடி 30ஐத் தொடும். அடிக்கடி இறங்குகிறதே என்று அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுக்க யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். ஈரத் தரையில் நிற்கும் ஒருவரின் உயிருக்கு அது ஒன்றுதான் காவல்.

தண்ணீர் நுழைவது மூன்று இடங்களில். மினுக்கும் நிலைகளை மாற்றும் சிறு பெட்டி, செட்டும் செட்டும் சேரும் இணைப்பு, பிளக். மழைத்துளி வயரின் மேல் வழுக்கிக்கொண்டு தாழ்ந்த இடத்தை நோக்கி ஓடும். இணைப்பு தாழ்ந்த இடத்தில் இருந்தால் நேராக அதற்குள் போகும். ஆகவே இணைப்பை மேலே ஏற்றிக் கட்டி, அதன் இருபுறமும் வயரை ஒரு கை நீளத்துக்கு வளைவாகத் தொங்க விடுங்கள். துளி வளைவின் அடியில் சொட்டிவிடும். மாற்றும் பெட்டியை வயர் வெளிவரும் பக்கம் கீழே பார்க்கும்படி, கூரை நிழலில் மாட்டுங்கள்.

இணைப்பின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டுவது எல்லோரும் செய்வது, பயன் தராதது. பகலில் உள்ளே வேர்த்து, இரவில் அந்த ஈரம் இணைப்பின் மேலேயே படியும். வெளியே போக வழியும் இல்லை. சிறு தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, வாய் மேலே இருக்கும்படி குடையாகக் கவிழ்த்து, வாயை மட்டும் வயரோடு சேர்த்து டேப் ஒட்டுங்கள். கீழே திறந்திருக்கட்டும். மழை மேலே தடுக்கப்படும், ஈரம் கீழே வெளியேறும்.

மாஹேபூரில் கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. உப்பு படிந்த பித்தளைக் கால் பச்சை பூத்துவிடும், உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மழை நின்ற பிறகும் உங்களுக்கு உடனே எரிவதில்லை. மாட்டும் முன் ஒவ்வொரு இணைப்பின் காலிலும் சிலிகோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். வாசலீன் வெயிலில் உருகி வழிந்துவிடும், ரப்பர் வளையத்தையும் ஊதவைக்கும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க எல்லா செட்டையும் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். பிரேக்கரை ஏற்றி, பாதியை மட்டும் மாட்டுங்கள். இறங்கினால் கோளாறு அந்தப் பாதியில், இல்லையேல் மறு பாதியில். திரும்பத் திரும்பப் பாதியாக்கினால் நான்கு செட்டுக்கு இரண்டு மூன்று முறையில் பிடித்துவிடலாம். மழை பெய்யும்போது இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்த ஆண்டு வாங்கும்போது பெட்டியில் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். 20 என்றால் வீட்டுக்குள் மட்டும். 44 சாரலைத் தாங்கும். மேற்கூரை இல்லாத மொட்டைமாடிக்கு 65. இதைவிட நல்லது, அடாப்டரோடு வரும் 24 அல்லது 31 வோல்ட் செட். அடாப்டரை ஜன்னலுக்கு உள்ளே வைத்து, மெல்லிய வயரை மட்டும் வெளியே விடலாம். வெளியே 230 வோல்ட்டே போகாது. கொஞ்சம் விலை கூடினாலும் கடலோர வீட்டுக்கு இதைத்தான் சொல்வோம்.

மேல் மாடி கட்டுவதற்காக விட்டுவைத்த தூண் கம்பிகளில் விளக்கைச் சுற்றலாமா?
– வாசகர், கூட்லாண்ட்ஸ்

நேரடியாக வேண்டாம். கம்பியின் வெட்டு முனையும் முறுக்கு வரிகளும் காற்றில் ஆடும் வயரின் தோலை அறுத்துவிடும். அந்தக் கம்பி தூணுக்குள் இறங்கி வீடு முழுக்க ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயைக் கம்பியின் மேல் செருகி, தலையில் மூடி போட்டு, குழாயின் மேல் பிளாஸ்டிக் டை கொண்டு கட்டுங்கள். பனானே முடிந்ததும் குழாயோடு உருவி எடுத்துவிடலாம், ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டாம். தகரக் கூரையின் விளிம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே வயரை விளிம்பில் மடிக்காமல், கீழ்ப் பலகையில் கொக்கி அடித்துத் தொங்க விடுங்கள்.

ஓவியக் கோலத்தைச் சுற்றி 10 மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டினோம். தொடக்கத்தில் வெள்ளை, கடைசியில் சிவப்பு கலந்த மங்கல். ஸ்ட்ரிப் கெட்டுவிட்டதா?
– கோவில் இளைஞர் குழு, குவாத்ர் போர்ன்

கெடவில்லை, கடைசி வரை வோல்ட் போய்ச் சேரவில்லை. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மீட்டருக்கு 14 வாட் இழுக்கும் வகை என்றால் 10 மீட்டருக்கு 140 வாட். அதாவது 11 ஆம்பியருக்கு மேல் அந்த ஒரு மெல்லிய செப்புப் பட்டையில் ஓட வேண்டும். வழியிலேயே வோல்ட் இறங்கிவிடும். நீலத்துக்கும் பச்சைக்கும் கூடுதல் வோல்ட் தேவை, சிவப்புக்குக் குறைவு போதும். ஆகவே கடைசியில் சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கிறது.

ஐந்து ஐந்து மீட்டராக இரண்டு துண்டாக்கி, பவர் சப்ளையை நடுவில் வைத்து இரு பக்கமும் தனித்தனி வயரில் கொடுங்கள். நிறம் மாற்றும் பெட்டி 12 ஆம்பியர் தாங்குமா என்று அதன் முதுகில் பாருங்கள். பல பெட்டிகள் 6 ஆம்பியருக்கு மேல் தாங்காது. பவர் சப்ளையில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் வேண்டும், 140 வாட் என்றால் 170க்குக் குறையாமல். வெட்டும்போது கத்தரிக்கோல் குறி உள்ள இடத்தில் மட்டும் வெட்டுங்கள். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள 12 வோல்ட் வகையில் அது 5 சென்டிமீட்டருக்கு ஒன்று இருக்கும். வெட்டிய முனையில் சிலிகோன் வைத்து மூடாவிட்டால் பன்னீர் தெளித்தாலே அந்த முனை கறுத்துவிடும்.

சோலார் விளக்கு இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. பெரிய பேட்டரி போட்டும் பயன் இல்லை.
– வாசகர், க்யூர்பிப்

பேட்டரி தொட்டி மட்டுமே, நிரப்புவது பலகை. சிறிய செட்டில் பலகை நல்ல வெயிலில் 100 மில்லி ஆம்பியர் கொடுத்தால், 600 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி நிரம்ப இழப்போடு சேர்த்து ஏழு எட்டு மணி நேரம் ஆகும். க்யூர்பிப் மேகத்தில் அது ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்கும். பெரிய பேட்டரி போட்டாலும் உள்ளே வருவது அதே அளவுதான்.

செய்யக்கூடியது உண்டு. பண்டிகைக்கு முந்தைய மூன்று நாள் சுவிட்சை அணைத்து, வெயிலில் மட்டும் வையுங்கள். பலகையின் தூசியைத் துடையுங்கள். ‘பலகையைத் தெற்குப் பார்த்து வைக்கவும்’ என்று தாளில் எழுதியிருப்பது வட கோளத்து நாடுகளுக்கு. நம் தீவில் ஆண்டின் பெரும்பகுதிக்கு வடக்குதான் சரி. ஆனால் நவம்பர் 22 வாக்கில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, ஜனவரி 20 வாக்கு வரை சற்றுத் தெற்கிலேயே இருக்கும். எனவே பண்டிகைக் காலத்தில் பலகையைக் கிட்டத்தட்டப் படுக்கையாக, மழைத் தண்ணீர் வழிய மட்டும் சிறு சாய்வில் வைத்தால் போதும்.

தெருவிளக்கின் வெளிச்சம் பலகையில் விழுந்தால் அது இன்னும் பகல் என்று நினைத்து விளக்கை எரியவிடாது. அதையும் பாருங்கள். முக்கியமான வாசல் அலங்காரத்துக்கு உங்கள் ஊரில் சோலாரை நம்ப வேண்டாம். செடிகளுக்கும் கேட் ஓரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மின்சாரச் செலவுக்குப் பயந்தும் சோலார் வேண்டியதில்லை. 500 எல்.இ.டி. பல்பு 35 வாட் என்று வைத்து, இரவுக்கு 6 மணி நேரம் எரித்தால் ஒரு மாதத்துக்கு 6 யூனிட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

கார்த்திகைக்குக் கோவில் பிரகாரத்தில் 200 அகல் ஏற்றப்போகிறோம். எண்ணெய் எவ்வளவு வேண்டும்? அகல் எண்ணெயைக் குடிப்பதும், காற்றில் அணைவதும், புகைவதும் எப்படித் தவிர்ப்பது?
– உபயக் குழு, ரோஸ் ஹில்

அகலுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி. 200க்கு 3 லிட்டர். திரியின் கனத்தைப் பொறுத்து இரண்டு மணி நேரம் எரியும். நடுவில் ஊற்ற ஒரு லிட்டர் சேர்த்து 4 லிட்டர் வாங்குங்கள்.

புது அகல் சுட்ட மண். முதல் நாள் காலையில் தண்ணீரில் மூழ்க வைத்து, ஆறு மணி நேரம் கழித்து எடுத்து, இரவு முழுக்க நிழலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். மண்ணின் துளைகளைத் தண்ணீர் ஏற்கெனவே நிரப்பிவிடுவதால் எண்ணெய் உறிஞ்சப்படாது. மேற்பரப்பு காயாமல் எண்ணெய் ஊற்றினால் சடசடவென்று வெடித்துத் தெறிக்கும். எண்ணெயை மிச்சப்படுத்த அகலில் பாதித் தண்ணீர் ஊற்றும் யோசனையை விடுங்கள். எண்ணெய் குறைந்து திரி தண்ணீரைத் தொட்டதும் அதே தெறிப்பு வரும், பட்டுப் பாவாடையோடு குழந்தைகள் பக்கத்தில் நிற்பார்கள்.

புகைக்குக் காரணம் நீண்ட திரி. அகலின் மூக்கிலிருந்து 5 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே வரக் கூடாது. வடை சுட்ட எண்ணெயை ஊற்றினாலும் புகையும், அதிலுள்ள மாவுத் துகள் திரியை அடைத்துவிடும். திரிகளை மதியமே ஒரு கிண்ணம் எண்ணெயில் ஊறப்போடுங்கள். நுனியில் ஒரு சிட்டிகை கற்பூரத் தூளைத் தொட்டு வைத்தால் 200ஐயும் சீக்கிரம் ஏற்றி முடிக்கலாம். காய்ந்த திரி என்றால் கடைசி அகலை ஏற்றும்போது முதல் அகல் அணைந்திருக்கும்.

நமக்குத் தென்கிழக்குக் காற்று. மதிலுக்கு வடமேற்குப் பக்கம், காற்று படாத நிழலில் வரிசையை அமையுங்கள். மதில் உச்சியில் வைத்தால் எவ்வளவு நல்ல திரியும் நிற்காது. உச்சியில்தான் வேண்டும் என்றால் கண்ணாடிக் குவளைக்குள் வையுங்கள்.

வாழைத்தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுப் பக்கம் மேலே வரும்படி போட்டு அதில் அகலைப் பதிக்கலாம். ஈரத்தண்டு தீப்பிடிக்காது. அடியில் பழைய சாக்கு விரியுங்கள், வாழைச்சாற்றுக் கறை பளிங்கில் போகாது. இன்னொன்று, எல்லோரும் வெறுங்காலில் வலம் வருவார்கள். சிந்திய எண்ணெயில் வழுக்கி விழக்கூடும். ஒரு வாளி மரத்தூளோ மணலோ கையில் இருக்கட்டும், சிந்திய உடனே தூவித் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் இன்னும் பரவும்.

கத்தோ பத்தாத் எண்ணெயில் போட்டதும் வாய் பிளந்து பூரணம் வெளியே வருகிறது. மாவு கூடச் சேர்த்தால் ரப்பர் மாதிரி ஆகிறது.
– வாசகி, வாக்குவா

விளக்கு மலருக்கு இது எப்படி என்று நினைக்க வேண்டாம். தீபாவளித் தட்டில் இந்தச் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குத் தட்டு போகாது.

கோளாறு கிழங்கை வேகவைப்பதில் தொடங்குகிறது. தோல் சீவி, வெட்டி, தண்ணீரில் போட்டால் கிழங்கு தண்ணீரைக் குடித்துவிடும். அந்த ஈரத்தை மறைக்க மாவு, மாவு கூடினால் ரப்பர். ஒரு கிலோ சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு முழுதாக ஆவியில் வேகவையுங்கள். வெள்ளைச் சதைக் கிழங்கு நல்லது, ஆரஞ்சு நிறத்தில் ஈரம் அதிகம். சூட்டோடு தோல் உரித்து, நார் எடுத்து மசியுங்கள். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு 200 கிராம் மைதா சேருங்கள், ஒட்டினால் மட்டும் இன்னும் 50. பிசைய வேண்டாம், சேர்த்து உருட்டினால் போதும்.

பூரணம்: 200 கிராம் தேங்காய்த் துருவல், 100 கிராம் சர்க்கரை, ஏலக்காய்த் தூள். சர்க்கரையை மடிக்கும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். முன்பே கலந்தால் தேங்காய் நீர் விட்டு, அந்த நீர் எண்ணெயில் ஆவியாகி வாயைப் பிளக்கும். மாவை 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, 8 சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரால் வெட்டி, ஒரு தேக்கரண்டி பூரணம் மட்டும் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். ஓரத்தை முள்கரண்டியால் அழுத்துங்கள். எண்ணெய் 170 டிகிரி. சிறு மாவுத் துண்டு போட்டால் அடியில் தங்காமல் மெதுவாக மேலே வர வேண்டும். ஒரே முறையில் ஐந்தாறுக்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறி, பணியாரம் எண்ணெயைக் குடிக்கும்.

கிறிஸ்மஸுக்கு பிலாவோ (சவுக்கு) கிளையை வெட்டி வைக்கிறோம். எத்தனை நாள் தாங்கும்?
– வாசகர், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்

சவுக்குக் கிளை காய்ந்துவிட்டால் ஒரு தீப்பொறிக்கே பற்றிக்கொள்ளும். வெட்டியதும் அடியில் இரண்டு சென்டிமீட்டரைப் புதிதாக அறுத்து, ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். இழையை வளைத்தால் ஒடிகிற நாளில் விளக்கைக் கழற்றிவிட வேண்டும். சூடேறாத எல்.இ.டி. மட்டும் போடுங்கள், வீட்டில் ஆள் இல்லாதபோது அணைத்துவிடுங்கள். மாட்டுப்பொங்கல் வரை மரத்தை வைத்திருக்க ஆசைப்படுபவர்கள் தொட்டியில் வளரும் அரௌகாரியாவை வாங்கலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் விளக்கை எப்போது இறக்க வேண்டும்? முதல் வகுப்புக்கே இறக்கினால் வீண் வேலை என்கிறார்கள்.
– வாசகி, போர்ட் லூயிஸ்

முதல் வகுப்பிலேயே இறக்குங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வீசக்கூடும் என்ற நிலைக்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பாக அது வருகிறது. அந்த நேரத்தில்தான் ஏணியில் நிற்கும் அளவுக்குக் காற்று அமைதியாக இருக்கும், பகல் வெளிச்சமும் கிடைக்கும். இரண்டாம் வகுப்பு வந்த பிறகு ஜன்னல், தண்ணீர், சாப்பாடு என்று வேறு வேலை இருக்கிறது. மூன்றில் ஏணியைத் தொடவே கூடாது.

2024 ஜனவரி 15இல் பெலால் புயலின்போது உங்கள் நகரத்தில் வெள்ளம் எவ்வளவு வேகமாக ஏறியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது பனானே முடிந்து இரண்டு வாரம், காவடிக்குப் பத்து நாள் முன்பு. விளக்குகள் வெளியே இருக்கும் காலம்தான். தரைமட்டத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்திருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

இறக்கும் வரிசை இது: மெயினை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். காற்றில் பறக்கக்கூடிய நட்சத்திரம், ஊதிய பொம்மை, மூங்கில் வளைவு முதலில். பிறகு மொட்டைமாடி விளிம்பு. கூரை நிழலில் இறுக்கமாகக் கட்டிய சரம் கடைசி. நேரமில்லை என்றால் அவிழ்க்க முயலாமல் டையை வெட்டிச் சுருட்டி உள்ளே போடுங்கள். ஒரு பாக்கெட் டை விலையைப் பார்க்க வேண்டாம். தளர்ந்த சரம் காற்றில் போய் மின்கம்பி மேல் விழுந்தால், புயல் ஓய்ந்த பிறகு உங்கள் தெருவுக்கு மின்சாரம் வருவது தள்ளிப்போகும். தெரு மின்கம்பத்தில் தோரணம் கட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

இதற்காகத்தான் கட்டும்போதே சொல்கிறோம். ஆணி அடித்து வயரை இறுக்காமல், கொக்கி போட்டு அதில் சரத்தை மாட்டுங்கள். 36 மீட்டரையும் அரைமணி நேரத்தில் இறக்கிவிடலாம், புயல் வேறு பக்கம் திரும்பினால் அரைமணி நேரத்தில் மறுபடி ஏற்றிவிடலாம்.

ரெயூனியனில் சேன் அந்த்ரே தீபாவளியைப் பார்க்கப் போகிறோம். நம் விளக்கு அங்கே வேலை செய்யுமா? உறவினருக்குக் கொண்டுபோக ஆசை.
– வாசகர், போ பாஸேன்

அங்கேயும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் பிரெஞ்சு வகை, இரண்டு உருண்டைக் கால். மூன்று சதுரக் கால் பிளக் நுழையாது, எனவே இரண்டு கால் செட்டாக வாங்கிப் போங்கள். ஊர்வலத்தின் தேதியை நகராட்சி அறிவிப்பில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பொது விழா பஞ்சாங்க தீபாவளி நாளன்றே இருக்க வேண்டும் என்பதில்லை. டிசம்பரில் போகிறவர்கள் 20ஆம் தேதியைச் சேர்த்துக்கொண்டால் நல்லது. 1848இல் அடிமை முறை அங்கே ஒழிந்த நாள், தீவெங்கும் இரவு முழுக்க மலோயா இசை கேட்கலாம். உறவினரிடம் ஒன்று சொல்லுங்கள்: விளக்கை ஏப்ரல் வரை விட்டு வைக்க வேண்டாம். பாரோ பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் அப்போதுதான் மலைக்கூட்டிலிருந்து முதன்முதலாகக் கடலுக்குப் பறக்கும். ஊர் வெளிச்சத்தில் வழிதவறித் தரையில் விழுந்தால் அவற்றால் மறுபடி எழும்பிப் பறக்க முடியாது.

விளக்கை அடுத்த ஆண்டுக்குப் பத்திரப்படுத்துவது எப்படி? ஒவ்வொரு முறையும் சிக்கலும் பாதி எரியாததும்தான் மிச்சம்.
– வாசகி, ப்ளேன் வேர்

இறக்கியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சரம் முழுவதையும் துடையுங்கள். உப்பும் பட்டாசுப் புகையும் போக வேண்டும். ஒரு நாள் நிழலில் காயட்டும். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் ஜூலையிலேயே கால்கள் பச்சை பூத்திருக்கும். எரியவைத்துப் பாருங்கள். ஒரு பகுதி மட்டும் இருண்டிருந்தால் அந்தப் பகுதியின் பல்புகள் ஒரே வரிசையில் கோத்தவை, அதில் ஒன்று தளர்ந்திருக்கும். கழற்றக்கூடிய பல்பு என்றால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒட்டவைத்த வகை என்றால் வெட்டி ஒட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள், அது 230 வோல்ட் ஓடும் வயர்.

முழங்கையில் சுற்றினால் வயர் முறுக்கிக்கொள்ளும். 30 சென்டிமீட்டர் அட்டையின் இரு ஓரத்திலும் பிளவு வெட்டி, பிளக் முனை கடைசியில் வெளியே வரும்படி சுற்றுங்கள். அடுத்த ஆண்டு பிரிக்காமலே மாட்டிச் சோதிக்கலாம். அட்டையில் ‘பால்கனி, 12 மீட்டர்’ என்று எழுதி ஒட்டுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் நான்கைந்து போட்டு, அறையின் மேல் அலமாரியில் வையுங்கள். தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணில் வைத்தால் கோடைச் சூட்டில் வயரின் தோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பாண்டும் வேண்டாம், உருகி வயரில் பிசுபிசுக்கும். துணி நாடா போதும்.